வேளாண் சூழலியல் படிக்க ஆசைப்படும் தங்கைக்கு: எங்கே சேர்வது, பிறகு என்ன வேலை?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் தன் தங்கைக்காகக் கேட்டிருக்கிறார். தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. வீட்டில் இரண்டரை ஏக்கர் நெல். எங்கோ படித்துவிட்டு "அக்ரோஇகாலஜிதான் படிப்பேன்" என்று நிற்கிறாளாம். அப்படி ஒரு பட்டம் இங்கே உண்டா, சாதாரண பி.எஸ்சி. அக்ரியே போதுமா, படித்து முடித்தால் சோறு போடுமா என்பது அண்ணனின் கேள்வி. பெண்பிள்ளை வெயிலிலும் சேற்றிலும் என்ன வேலை பார்க்கப் போகிறாள் என்பது அம்மாவின் கவலை.

நான் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்தவன், முதுநிலையில் பூச்சியியல். பிறகு ஒரு தொண்டு நிறுவனத் திட்டம், அங்ககச் (ஆர்கானிக்) சான்று ஆய்வாளர் வேலை, இப்போது விவசாயிகளே பங்குதாரர்களாக நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஆலோசனை என்று இந்த வட்டத்துக்குள்ளேயே பதினைந்து வருடத்துக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: இளநிலையில் அந்தப் பெயரைத் தேடி அலைய வேண்டாம். பி.எஸ்சி. (ஹானர்ஸ்) வேளாண்மையில் சேரச் சொல்லுங்கள். வேளாண் சூழலியலை அந்தப் பட்டத்துக்குள்ளேயே அவளாகக் கட்டிக்கொள்ள முடியும். முதுநிலையில் வேண்டுமானால் பெயரோடு படிக்கலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முன், அந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று ஒரு சின்ன விஷயத்தை வைத்துக் காட்டிவிடுகிறேன். தங்கையையும் உட்கார வைத்துப் படியுங்கள்.

இரண்டாம் ஆண்டு, பூச்சியியல் செய்முறை வகுப்பு. தாமிரபரணிப் பாசன நெல்வயல். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியை எண்ணச் சொன்னார்கள். புகையான் இலையில் இருக்காது, தூரடியில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். குனிந்து, குத்தை (சேர்த்து நட்ட நாற்று வளர்ந்த கொத்து) இரண்டு கையாலும் விலக்கி, மெல்லத் தட்டி எண்ண வேண்டும். முதுகு ஒடிந்துவிடும். பத்துக் குத்து எண்ணி, தூருக்கு (குத்தின் ஒரு தண்டுக்கு) இத்தனை என்று சராசரி போட்டு, நோட்டை நீட்டினேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "சிலந்தி எத்தனை?" என்றார். நான் சிலந்தியை எண்ணவே இல்லை. சிலந்தி பயிரைத் தின்னாதே, அதை எதற்கு எண்ணுவது என்று நினைத்துவிட்டேன். "அப்படியானால் மருந்து அடிக்கணுமா வேண்டாமா என்று உனக்குச் சொல்லத் தெரியாது. திரும்பப் போ" என்று வயலுக்குள் அனுப்பிவிட்டார்.

அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான். புகையானுக்குப் பொருளாதாரச் சேதநிலை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்; அதைத் தாண்டினால்தான் மருந்து. வயலில் சிலந்தி இல்லையென்றால் தூருக்கு 1 புகையான். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையிலேயே உள்ள கணக்கு இது. ஒரு குத்தில் பதினைந்து இருபது தூர் இருக்கும். அந்த ஒரே ஒரு சிலந்தியின் பேரில் குத்துக்குக் கூடுதலாகப் பதினைந்து இருபது புகையானை நாம் விட்டுவைக்கிறோம். எதிரி எத்தனை என்று மட்டும் எண்ணாமல், யார் யாரைத் தின்கிறார்கள், நாம் கை வைத்தால் அந்த வரிசையில் யார் முதலில் சாவார்கள் என்று கேட்கிற படிப்புக்குத்தான் வேளாண் சூழலியல் என்று பெயர்.

இதைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு நாடே விலை கொடுத்திருக்கிறது. 1970களிலும் 80களிலும் இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்து நெல்லுக்குப் பூச்சிக்கொல்லி அடிக்க வைத்தது. மருந்தில் முதலில் செத்தவை புகையானைத் தின்னும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும். புகையானின் முட்டை தண்டின் உள்ளே பத்திரமாக இருந்தது. அது பொரித்து வெளியே வந்தபோது தின்ன ஆளில்லை. வயல் வயலாகப் புகைந்துபோனது. 1986-இல் அதிபர் சுகார்த்தோ, நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளுக்கு ஒரே ஆணையில் தடை போட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. விவசாயிகளே வாரம் ஒரு நாள் வயலில் இறங்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணி, சார்ட்டில் வரைந்து, என்ன செய்வதென்று பேசி முடிவெடுப்பார்கள். இன்று நம் வேளாண்மைத் துறையில் பண்ணைப் பள்ளி என்று நடப்பதற்கு மூலம் அங்கேதான்.

வேளாண் சூழலியல் என்ற சொல்லுக்கு வயது அதிகம். பாசில் பென்சின் என்ற ரஷ்ய வேளாண் விஞ்ஞானி 1920களின் கடைசியிலேயே அதைப் பயன்படுத்திவிட்டார். பாடமாக வளர்த்தவர்களில் இருவரைத் தங்கை எப்படியும் புத்தகங்களில் சந்திப்பாள்: சிலியைச் சேர்ந்த பூச்சியியலாளர் மிகுவேல் அல்டியேரி, கலிபோர்னியாவின் சாந்தா குருஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கிய ஸ்டீபன் கிளீஸ்மன். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2019-இல் வேளாண் சூழலியலுக்குப் பத்துக் கூறுகள் என்று ஒரு பட்டியலை ஏற்றுக்கொண்டது. நேர்முகத் தேர்வில் கேட்பார்கள், அப்போது படித்துக்கொண்டால் போதும்.

இயற்கை விவசாயம்தானே இது என்று கேட்டால், பக்கத்து வீடு என்று சொல்லலாம். ஒரே வீடு கிடையாது. இயற்கை விவசாயத்துக்கு எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று விதி இருக்கிறது. வேளாண் சூழலியல் அந்த விதியிலிருந்து தொடங்குவதில்லை. இந்த வயல் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இங்கிருந்து அடுத்த படி எது, அந்தப் படியில் விவசாயி விழாமல் இருக்க என்ன வேண்டும் என்று பார்க்கிறது. கடல் தாண்டி நம் கண்ணெதிரே நடந்தது நினைவிருக்கும். 2021 ஏப்ரல் கடைசியில் இலங்கை அரசு ரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை போட்டது. மண்ணில் மக்குச்சத்து ஏற நேரம் இல்லை, மாற்று உரம் கையில் இல்லை, விவசாயிக்குப் பயிற்சி இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது, தேயிலைத் தோட்டங்கள் அலறின. அந்த வருடம் நவம்பரில் தடையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதைக் காட்டி "பார், இயற்கை விவசாயம் தோற்றுவிட்டது" என்று சிலர் சொல்கிறார்கள், "சதி" என்று சிலர். எனக்குத் தோன்றுவது வேறு. மூன்று நான்கு வருடத்தில் ரசாயனத்தைப் படிப்படியாக இறக்கத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஒருவர் இல்லாமல் உத்தரவு மட்டும் போனால் அப்படித்தான் ஆகும். அந்த ஆளாக ஆவதற்குத்தான் உங்கள் தங்கை படிக்கப் போகிறாள்.

சரி, படிப்புக்கு வருவோம்.

பி.எஸ்சி. வேளாண்மை நான்கு வருடம், எட்டுப் பருவம். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் கோவை, மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, ஈச்சங்கோட்டை, குடுமியான்மலை, வாழவச்சனூர் என்று உறுப்புக் கல்லூரிகள் உண்டு. இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகளும் இருக்கின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தனியாக வேளாண் புலம் உண்டு. உங்களுக்கு ஈச்சங்கோட்டை பக்கம். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் இடஒதுக்கீடு வேளாண் படிப்புக்கும் பொருந்தும். அதற்கான படிப்புச் சான்றைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள், கவுன்சிலிங் நேரத்தில் ஓடாதீர்கள். வெளி மாநிலப் பல்கலைக்கழகங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடத்துக்கு சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். தனியார் கல்லூரி என்றால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: எந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் உண்டா. இது இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு முதுநிலைக்கும் அரசு வேலைக்கும் வாசலில் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்த முதல் வருடமே தங்கை உங்களுக்கு போன் போட்டு அழக்கூடும். "இங்கே யூரியா, பொட்டாஷ், களைக்கொல்லி என்றுதான் சொல்லித் தருகிறார்கள்" என்பாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதைப் படிக்கச் சொல்லுங்கள். யூரியா மண்ணில் விழுந்ததும் எப்படி அமோனியா ஆகிறது, எவ்வளவு காற்றில் போகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்று தெரிந்தவர்தான், தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை மடக்கி உழுதால் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம் என்று ஒரு விவசாயியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும். இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, மானாவாரி விவசாயிக்கு இது உதவாது என்று கண்டு, 1969-இல் வெளியே வந்தார். ஜப்பானின் இயற்கை விவசாய முன்னோடி ஃபுகுவோகா, யோகோஹாமா சுங்கத்தில் தாவர நோய்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தவர். இருவரும் அந்த அறிவியலை உள்ளே இருந்து தெரிந்துகொண்ட பிறகுதான் அதோடு சண்டை போட்டார்கள்.

பாடத்திட்டத்தில் வேளாண் சூழலியலுக்கு நேராக உதவுகிற பகுதிகள் சிதறிக் கிடக்கும். உழவியலில் ஊடுபயிர், பயிர்ச் சுழற்சி, ஒருங்கிணைந்த பண்ணையம். பூச்சியியலில் உயிரியல் கட்டுப்பாடு. மண்ணியலில் மண்ணுயிரிகள். அங்கக வேளாண்மை தனிப் பாடமாகவே உண்டு. கோவையில் நம்மாழ்வார் பெயரிலேயே ஓர் அங்கக வேளாண்மை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இதில் பலர் பாஸ் பண்ணினால் போதும் என்று விடுகிற பாடம் விரிவாக்கக் கல்வி, அதாவது படித்ததை விவசாயியிடம் கொண்டு சேர்க்கும் கலை. உங்கள் தங்கை அதை விடக்கூடாது.

இறுதி ஆண்டில் ராவே என்று ஒன்று வரும். ஊரக வேளாண் பணி அனுபவம். மாணவர்கள் குழுவாக ஒரு ஊரில் போய்த் தங்கி, ஒவ்வொருவரும் விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும். ஊர் மந்தையில் கோலப்பொடியால் ஊரின் வரைபடத்தை மக்களையே போட வைப்போம். எந்த அலுவலகம் ஊருக்கு எவ்வளவு நெருக்கம் என்று பெரிதும் சிறிதுமாக வட்டங்கள் வெட்டி வைக்கச் சொல்வோம். அதற்குச் சப்பாத்தி வரைபடம் என்றே பெயர். நாங்கள் போன ஊரில் ஒரு பாட்டி கூட்டுறவு வங்கிக்குக் குட்டிச் சப்பாத்தியும் பூச்சிமருந்துக்கடைக்கு ஊரை விடப் பெரிய சப்பாத்தியும் வைத்தார். பயிருக்கு எது வந்தாலும் அந்த ஊர் முதலில் போய் நிற்கும் இடம் எது என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பலர் ராவேயை செல்ஃபிக்கும் போட்டோ ஆல்பத்துக்கும் முடித்துவிடுவார்கள். அந்த மாதங்களில் ஒரு ஏக்கரை முழுசாகக் கவனித்து, என்ன உள்ளே போகிறது, என்ன வெளியே வருகிறது என்று தேதி போட்டு எழுதி வைத்தால், அந்த நோட்டு பின்னால் முதுநிலை விண்ணப்பத்திலும் வேலை நேர்முகத்திலும் பேசும்.

முதுநிலையில் எதை எடுப்பது? வேளாண் சூழலியல் ஆர்வம் உள்ளவர்கள் பெரும்பாலும் உழவியல் எடுக்கிறார்கள். என் கட்சி வேறு. நான் பூச்சியியல் ஆள், பாரபட்சம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். பூச்சியியலோ மண்ணியலோ ஏதாவது ஒன்றை ஆழமாகப் படித்தவர்தான் முழு வயலையும் பார்க்கும்போது சரக்கோடு பேச முடிகிறது. எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று படித்தவர்கள் கூட்டத்தில் நன்றாகப் பேசுவார்கள், வயலில் திணறுவார்கள். ஒரு உதாரணம். 2008-இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, இங்கே அதற்கு எதிரி இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி என்று வெள்ளையாகப் பூத்து அழித்தது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை, உடம்பின் மேல் மெழுகு. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே என்ற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. விவசாயிக்குச் செலவு இல்லை. 2020-இல் கேரளத்தில் மரவள்ளி மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழி; மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து வந்த குளவியை 2022 மார்ச்சில் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். எந்தக் குளவி, அது வேறு எதையும் தின்னுமா, எப்போது விடுவது என்பதெல்லாம் ஒரு துறையில் தோய்ந்தவர்கள் செய்த வேலை.

வேளாண்மையில் இடமே கிடைக்கவில்லை என்றால் தாவரவியலோ விலங்கியலோ படித்துவிட்டு, முதுநிலையில் சூழலியல் பக்கம் வரலாம். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் சூழலியலுக்குத் துறை உண்டு. ஆராய்ச்சிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அது போதும். ஆனால் வேளாண்மை அலுவலர் போன்ற அரசுப் பணிகள் வேளாண் பட்டம்தான் கேட்கும், அந்தக் கதவு மூடிவிடும். தெரிந்து முடிவெடுக்கட்டும்.

வெளிநாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் "அக்ரோஇகாலஜி" என்ற பலகை மாட்டிய முதுநிலைப் படிப்புகள் அங்கேதான் அதிகம். நார்வேயில் ஓஸ் என்ற ஊரில் உள்ள உயிர் அறிவியல் பல்கலைக்கழகத்தின் படிப்பு பேர் பெற்றது. அங்கே பாடத்தில் தொடங்குவதில்லை. முதல் பருவத்திலேயே மாணவர்களைக் குழுவாக ஒரு நிஜப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். கடைசியில் ஆசிரியருக்கு எழுதுகிற அறிக்கையோடு, அந்த விவசாயிக்கே அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஓர் ஆவணம் கொடுக்க வேண்டும். நம் ராவேயை ஒழுங்காக நடத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. முன்பு நார்வேயில் யாருக்கும் கட்டணம் கிடையாது. 2023 முதல் நம்மைப் போன்ற ஐரோப்பாவுக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கட்டணம் வந்துவிட்டது. பழைய வீடியோக்களை நம்பிவிடாதீர்கள். பிரான்சின் லியோனில் இசாரா, ஸ்வீடனில் அல்னார்ப், ஜெர்மனியில் விட்சன்ஹவுசனும் ஹோஹன்ஹைமும் உண்டு. ஜெர்மனியில் கல்விக் கட்டணம் குறைவு அல்லது இல்லை. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவாகப் பதினோராயிரம் யூரோவுக்கு மேல் வங்கியில் முடக்கிக் காட்ட வேண்டும். அதைக் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் ஜெர்மனியின் டாட் (DAAD) அமைப்பின் வளர்ச்சித் துறை உதவித்தொகையில் ஒரு பிரிவு இரண்டு வருட வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்றே இருக்கிறது. இங்கே இரண்டு வருடம் கிராமத்தில் வேலை பார்த்துவிட்டு அதற்கு விண்ணப்பிப்பதுதான் நம் குடும்பங்களுக்கு ஒத்துவரும் வழி. அனுபவத்தோடு போகிறவர்களுக்கு அங்கே வகுப்பில் மதிப்பும் அதிகம்.

இனி வேலை. "வேளாண் சூழலியலாளர் தேவை" என்று விளம்பரம் அநேகமாக வராது. வேலை இருக்கிறது, பலகையில் வேறு பெயர் இருக்கும்.

அரசு வேலையும் வங்கியும் எல்லோருக்கும் தெரிந்தவை, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். டி.என்.பி.எஸ்.சி. வழியாக வேளாண்மை அலுவலர். அறிவிப்பு வருடா வருடம் வரும் என்று சொல்ல முடியாது. ஐ.பி.பி.எஸ். நடத்தும் வேளாண் கள அலுவலர் தேர்வு வழியாக வங்கி. சம்பளம் நல்லது, ஆனால் பயிரைப் பார்ப்பதைவிடக் கடன் கோப்பைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும். ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டின் கிரேடு ஏ அலுவலர் தேர்வு கடினமானது. கிடைத்தால் நீர்ப்பிடிப்புப் பகுதி, பழங்குடியினர் மேம்பாடு போன்ற திட்டங்களில் நேராக நம் துறை வேலையே செய்யலாம். வேளாண் அறிவியல் நிலையங்களில் தொழில்நுட்ப வல்லுநர் ஆக முதுநிலை வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு மாவட்டத்து விவசாயிகளை விடாமல் பார்த்துக்கொண்டே பரிசோதனையும் செய்ய முடிகிற இடம் அதுதான். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று எழுநூறுக்கும் மேல் இருக்கின்றன.

சான்றளிப்பு வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது வெளியில் தெரியாத வேலை. ஏற்றுமதிக்கு அங்ககம் என்று முத்திரை வேண்டுமானால் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் சான்று வேண்டும். அதைக் கொடுக்க அரசுத் துறையும் தனியார் நிறுவனங்களும் உண்டு. தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்டு அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறையே இயங்குகிறது. ஆய்வாளர் பண்ணைக்கு நேரில் போக வேண்டும். நான் ஒருமுறை ஈரோட்டுப் பக்கம் ஒரு மஞ்சள் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பண்ணை டைரி அச்சு அசலாக இருந்தது. பஞ்சகவ்யம் பதினைந்து நாளுக்கு ஒரு முறை, தேதி தவறாமல். எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன், மாட்டுக் கொட்டகையே இல்லை. "மாடு எங்கேங்க?" என்றேன். "வித்துட்டோமுங்க, ரெண்டு வருசமாச்சு." பிறகு விசாரித்ததில், பங்காளி வீட்டுச் சாணமும் கோமியமும் வாங்கிச் செய்ததாகச் சொன்னார். அங்கே போய்க் கேட்டேன், உண்மைதான். ஆனால் அந்தப் பங்காளி தன் மாட்டுக்கு என்ன தீவனம், என்ன மருந்து என்று ஒரு வரி எங்கும் இல்லை. அதையும் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன். பக்கத்து வயலில் அடிக்கும் மருந்து இங்கே படாமல் வரப்பில் இடைவெளி இருக்கிறதா, ஏக்கருக்கு விளைந்ததாகச் சொல்லும் கணக்கும் விற்ற சீட்டும் ஒத்துப்போகிறதா, மோட்டார் ரூம் பரணில் என்ன பாட்டில் இருக்கிறது என்று துருவுவதுதான் இந்த வேலை. ஓராண்டுப் பயிருக்கு இரண்டு வருடம், பல்லாண்டுப் பயிருக்கு மூன்று வருடம் ரசாயனத்திலிருந்து அங்ககத்துக்கு மாறும் மாற்றக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் விவசாயி படும் பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். நிறைய அலைச்சல். ஆனால் ஐந்து வருடத்தில் ஐந்நூறு பண்ணைகளின் உள்பக்கத்தைப் பார்த்துவிடலாம். வேறு எந்த வேலையிலும் இது கிடைக்காது.

தொண்டு நிறுவனங்கள் அடுத்தது. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், பாரம்பரிய விதைகளில் வேலை செய்யும் இந்திய அறிவு மரபு மையம், மதுரையில் கண்மாய் மராமத்தில் பெயர் எடுத்த தானம் அறக்கட்டளை, ஐதராபாத்தில் நீடித்த வேளாண்மைக்கான மையம், வாசன் (WASSAN) அமைப்பு என்று தென்னகத்திலேயே பல உண்டு. இங்கே கற்பது அதிகம், சம்பளம் தொடக்கத்தில் குறைவு, பெரும்பாலும் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நான் முதலில் சேர்ந்த திட்டத்தில் நான்கு மாதம் சம்பளமே வரவில்லை. நிதி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், வரும் வரும் என்றார்கள். பஸ் காசுக்கு அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். எனவே சேரும் முன் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: திட்டம் எந்த மாதம் முடிகிறது, போன வருடம் இதே வேலையில் இருந்தவர் இப்போது எங்கே. இரண்டாவது கேள்விக்குப் பதில் தடுமாறினால் யோசிக்கலாம்.

மாநில அளவில் பெரியது ஆந்திராவில் நடக்கிறது. 2016-இல் தொடங்கிய சமூக மேலாண்மை இயற்கை வேளாண்மைத் திட்டம், பல லட்சம் விவசாயிகள். மகளிர் குழுக்கள் வழியாகப் போகிறது. அனுபவ விவசாயிகளே பயிற்றுநர்கள். வேளாண் பட்டதாரிகளை ஃபெலோ என்று எடுத்து, ஊரிலேயே குடியிருந்து, தாங்களும் ஒரு துண்டு நிலத்தில் பயிர் செய்துகொண்டே வேலை பார்க்க வைக்கிறார்கள். 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசைப் பகிர்ந்துகொண்ட திட்டம் இது. தெலுங்கு கொஞ்சம் பழகினால் தமிழ்ப் பிள்ளைகளும் போகலாம். மத்திய அரசும் 2024 நவம்பரில் 2,481 கோடி ரூபாயில் தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது; 15,000 தொகுப்புகள், ஒரு கோடி விவசாயிகள் என்பது இலக்கு. தமிழ்நாட்டுக்கு 2023-லிருந்து அங்கக வேளாண்மைக் கொள்கை இருக்கிறது. இலக்கில் பாதி நடந்தால்கூட வயலில் இறங்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். ஒப்பந்த வேலையாகத்தான் பெரும்பாலும் வரும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சொந்தத் தொழிலில் மனம் இருந்தால், வேளாண் பட்டதாரிகளுக்கென்றே வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையம் என்ற மத்தியத் திட்டம் 2002-லிருந்து நடக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, பிறகு வங்கிக் கடன். அதில் மானியம் பொதுவாக 36 சதவீதம், பெண்களுக்கு 44. பூச்சி முட்டைகளை அழிக்கும் டிரைக்கோகிரம்மா குளவியின் ஒட்டுண்ணி அட்டை, உயிர் உரம், பாரம்பரிய நெல் விதை என்று டெல்டாவில் எதைத் தொடங்கினாலும் வாங்க ஆள் உண்டு. ஆனால் படித்து முடித்த வருடமே வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் முதன்மைச் செயல் அலுவலர் வேலை கிடைத்தால் இரண்டு வருடம் பார்க்கட்டும். மாப்பிள்ளைச் சம்பாவை விளைவிப்பது எளிது, அரைத்து, பூச்சி விழாமல் ஆறு மாதம் வைத்து, விலைக்கு விற்பது எவ்வளவு பாடு என்று அங்கே தெரிந்துவிடும். விவசாயி குறைக்கும் கரிம உமிழ்வைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் கிரெடிட் நிறுவனங்களும் இப்போது கிராமத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். சம்பளம் பரவாயில்லை, ஆனால் விவசாயி எதில் கையெழுத்துப் போடுகிறார் என்று படித்துச் சொல்ல மனசாட்சி வேண்டிய வேலை. அதில் நான் இன்னும் சந்தேகப் பேர்வழிதான்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். இப்போது வேளாண் கல்லூரி வகுப்பு எதிலாவது எட்டிப் பாருங்கள், பெண் பிள்ளைகள் கூட்டம்தான் கண்ணில் படும். டெல்டாவில் நாற்றுப் பறிப்பதும் நடுவதும் களை எடுப்பதும் பெண்கள்தான். ஒரு பெண் அலுவலர் வரப்பில் உட்கார்ந்தால் அவர்கள் பேசும் பேச்சு, நான் போய் நின்றால் வராது. நான் ஆய்வாளராக இருந்தபோது வீட்டு ஆண் சொன்ன கணக்கை, கூட வந்த பெண் ஆய்வாளர் அடுப்படியில் இரண்டு நிமிடம் பேசித் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார். கஷ்டம் வேறு இடத்தில். ஊருக்குக் கடைசிப் பேருந்து ஆறரைக்கு, வேலை ஏழு மணிக்கு முடியும், கழிவறை இருக்காது. இதைச் சொல்லாமல் மறைக்க முடியாது. அதனால் சேர்க்கைக்கு அலைகிற இந்த மாதங்களில் இன்னொன்றையும் செய்துவிடுங்கள். பதினெட்டு முடிந்ததும் டூவீலர் ஓட்டப் பழக்கி, லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள். கள வேலைக்கு எடுக்கும் இடங்களில் மதிப்பெண் பட்டியலுக்கு அடுத்து அதைத்தான் கேட்பார்கள்.